ஒட்டாத கரியும் ஒளிரும் வாயுவும்

(தென்காசியில் அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டது. இந்த நேரத்தில் உங்களை ஓர் அறைக்குள் உட்காரவைத்து வேதியியல் பேசுவது கொஞ்சம் கொடுமைதான். அதற்குப் பரிகாரமாக, எடுத்துக்காட்டுகளில் சிலவற்றையாவது இந்த வட்டாரத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, கார்பன் நானோ குழாய்களின் மேற்பரப்பைப் பிளாஸ்மாவால் மாற்றுவது. தலைப்பைக் கேட்டதும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சிலர் ‘இது நமக்கில்லை’ என்று பின்வரிசைக்கு நகர்ந்ததைக் கவனித்தேன். தயவுசெய்து முன்னால் வாருங்கள். இந்தத் தலைப்பில் பாதியை ஐந்தாம் வகுப்பில் ஓர் எவர்சில்வர் கரண்டியை வைத்துக்கொண்டே நடத்திவிடலாம். மீதிப் பாதிதான் உயர்நிலை வகுப்புகளுக்கு உரியது.

ஒன்பதாம் வகுப்பில் கார்பன் பாடம் நடத்துகிறோம். வைரம், கிராஃபைட், ஃபுல்லரீன், கிராஃபீன் என்று புறவேற்றுமை வடிவங்களைச் சொல்கிறோம். நானோ குழாய் பற்றிப் பேச்சு வந்தால், எஃகைவிடப் பல மடங்கு வலிமையானது, எடை குறைவு, மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறோம். வகுப்பில் ஒரு பிள்ளை சும்மா இருக்காது. “அவ்வளவு பலம்னா அத வச்சு ஏன் சார் இன்னும் பாலம் கட்டல?” என்று கேட்கும். நல்ல கேள்வி. ஜப்பானில் சுமியோ இஜிமா இந்தக் குழாய்களைப் பற்றி நேச்சர் இதழில் எழுதியது 1991இல். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. பாலம் வரவில்லை.

காரணங்கள் பல. விலை ஒன்று, வேண்டிய நீளத்தில் வளர்க்க முடியாதது இன்னொன்று. வகுப்பறைக்கு ஏற்ற காரணம் ஒன்று உண்டு: இந்தக் கரி எதனோடும் ஒட்டாது. தண்ணீரில் கலக்காது, பிசினோடு பிணையாது, தன் இனத்தோடு மட்டும் கட்டிக்கொண்டு உருண்டையாகக் கிடக்கும். ஒரு பொருள் மற்றப் பொருளோடு எப்படிப் பழகும் என்பதை முடிவு செய்வது அதன் வெளித்தோலில் இருக்கும் ஓரிரு அணு வரிசைதான். இதை நாம் பாடத்தில் அழுத்திச் சொல்வதில்லை. அடர்த்தி, உருகுநிலை, கடினத்தன்மை என்று முழுப் பொருளின் பண்புகளையே சொல்லிப் பழகிவிட்டோம்.

இப்போது கரண்டிக்கு வருகிறேன்.

ஒரு நல்லெண்ணெய் விளக்கையோ மெழுகுவத்தியையோ ஏற்றுங்கள். கரண்டியின் குழிந்த பகுதியை மஞ்சள் சுடரின் நடுவில் காட்டுங்கள். அரை நிமிடத்தில் வெல்வெட் துணி போலக் கரி படியும். ஆறிய பிறகு ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து, கரண்டியை மெதுவாக உள்ளே விடுங்கள். கருப்பாக இருந்த கரண்டி தண்ணீருக்குள் வெள்ளிபோல மின்னும். வெளியே எடுத்தால் மறுபடியும் கருப்பு, ஈரமே இருக்காது. பிள்ளைகள் மந்திரம் என்பார்கள். நடந்தது இதுதான்: தண்ணீர் கரியைத் தொடவே இல்லை. இடையில் மெல்லிய காற்றுப் படலம் நிற்கிறது. அந்தப் படலத்தில் பட்டு ஒளி முழு அக எதிரொளிப்பு அடைகிறது. ஒளியியல் பாடமும் இங்கே ஓசியில் கிடைத்துவிடுகிறது.

இதே வித்தையைக் குற்றாலம் போகிற வழியில் ஓடையோரம் நிற்கும் சேம்பு இலை தினமும் செய்துகாட்டுகிறது. சாரல் துளி அதன்மேல் முத்தாக உருண்டு ஓடும். இலை நனையாது. இலைக்கும் கரிக்கும் வேதிப்பொருளில் சம்பந்தமில்லை. ஒன்றில் மெழுகு, மற்றதில் கார்பன். ஆனால் இரண்டிலும் இரண்டு விஷயங்கள் பொது. கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் இருக்கின்றன. நீர் மூலக்கூறு பிடித்துக்கொள்ள ஒரு கொக்கியும் இல்லை. நீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் சற்று எதிர்மின், ஹைட்ரஜன் பக்கம் சற்று நேர்மின் என்று நாம் சொல்லிக்கொடுக்கிறோம் அல்லவா? தன்னைப்போலவே இரு முனை கொண்ட ஒன்றைத்தான் அது பிடித்துக்கொள்ளும். சுத்தமான கார்பன் பரப்பில் அப்படி ஒன்றும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. விளக்குக் கரி நானோ குழாய் இல்லை. அது பெரும்பாலும் உருண்டை உருண்டையான கார்பன் துகள். உறவுமுறையில் பங்காளி என்று சொல்லலாம், அவ்வளவே. “இதோ நானோ குழாய் செய்துவிட்டோம்” என்று கரும்பலகையில் எழுதிவிடாதீர்கள்.

நானோ குழாய் என்றால் கிராஃபீன் தாளைப் பாய்போலச் சுருட்டிய வடிவம். அறுகோணங்களாகப் பின்னிய கார்பன் வலை. ஒரே சுவர் கொண்ட குழாயின் விட்டம் ஒரு நானோமீட்டர் அளவு. தலைமுடியைக் குறுக்கே அதுபோல ஆயிரக்கணக்கானவற்றை வரிசையாக வைத்துத்தான் நிரப்ப முடியும். பல சுவர் குழாய் என்பது ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய குழாய்கள். இஜிமா முதலில் பார்த்தது அந்த வகை. ஒற்றைச் சுவர்க் குழாய்கள் 1993இல் வந்தன. உருசியாவில் ராதுஷ்கேவிச், லுக்யானோவிச் என்ற இருவர் 1952இலேயே இப்படிப்பட்ட கார்பன் குழாய்களின் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களை வெளியிட்டிருந்தார்கள். உருசிய மொழியில் இருந்ததால் உலகம் கவனிக்கவில்லை. தாய்மொழியில் அறிவியல் எழுதுகிறவர்கள் எல்லோரும் கொஞ்சம் பெருமூச்சு விட வேண்டிய இடம் இது.

ஒற்றைச் சுவர்க் குழாயில் ‘உள்ளே’ என்று ஒன்று கிடையாது. இருக்கிற எல்லா அணுவும் தோலில்தான் இருக்கிறது. ஒரு கிராம் எடுத்து அதன் வெளிப்பரப்பை மட்டும் விரித்துக் கணக்கிட்டால் சுமார் 1,315 சதுர மீட்டர் வரும். நம் ஊர்க் கணக்கில் முப்பத்திரண்டு சென்ட் நிலத்துக்கு மேல். ஒரு சிட்டிகைப் பொடிக்குள் அவ்வளவு நிலம்! மாணவர்களை மதிப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: ஒரு சென்ட் என்பது 40.47 சதுர மீட்டர்.

இவ்வளவு பரப்பு இருப்பதே தொல்லைக்கும் காரணம். இரண்டு குழாய்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் வாண்டர் வால்ஸ் விசையால் நீளவாக்கில் ஒட்டிக்கொள்கின்றன. ஒவ்வோர் அணுவின் இழுப்பும் அற்பம். ஆனால் ஒரு மைக்ரோமீட்டர் நீளம் தொட்டுக்கொண்டிருந்தால், பிரிக்கத் தேவைப்படும் ஆற்றல் சுமார் 500 எலக்ட்ரான் வோல்ட். ஒரு சாதாரண கார்பன்-கார்பன் ஒற்றைப் பிணைப்பை முறிக்கவே மூன்றரை எலக்ட்ரான் வோல்ட் அளவுதான் வேண்டும். சிக்கு விழுந்த நூற்கண்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கு விழுந்தால் என்ன கெடும்? செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பி நம் மாவட்டம் முழுக்கக் காற்றாலைகள் நிற்கின்றன. அவற்றின் இறக்கைகள் கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த கலவைப் பொருள். பெரிய இறக்கைகளில் கார்பன் இழையும் சேரும். இழை எவ்வளவு வலுவானது என்பது ஒரு பாதிதான். பிசின் வாங்கும் விசையை இழைக்குக் கைமாற்ற வேண்டும். பிடிப்பு இல்லையென்றால் இழை உறையிலிருந்து வாள் உருவுவதுபோல உருவிக்கொண்டு வரும். கார்பன் இழையையும் அதனால்தான் தொழிற்சாலையில் மேற்பரப்பைப் பக்குவப்படுத்திய பிறகு பிசினில் சேர்க்கிறார்கள். நானோ குழாயைப் பிசினில் போட்டு வலிமை கூட்டலாம் என்று நினைக்கிறவர்களுக்கும் இதே கதைதான். ஒட்டாத குழாய் உருண்டை, பிசினுக்குள் ஒரு கல் கிடப்பதுபோல. அந்த இடத்தில்தான் விரிசல் தொடங்கும். பாலம் கேட்ட பிள்ளைக்கு இதைச் சொல்லலாம்.

சரி, ஒட்டவைப்பது எப்படி? இரண்டு வழி இருக்கிறது. ஒன்று போர்வை போர்த்துவது. மற்றது தோலையே மாற்றுவது.

போர்வை நமக்குப் பழைய சங்கதி. விளக்குக் கரியைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். வேலம் பிசின் கரைத்த தண்ணீர் விட்டு அரைத்தால் எழுதும் மை கிடைக்கும். பிசினின் நீண்ட மூலக்கூறு ஒரு பக்கத்தால் கரியைத் தழுவிக்கொள்கிறது. மறுபக்கம் தண்ணீரோடு பேசுகிறது. 2002இல் இஸ்ரேலில் ஒரு குழு, பந்த்யோபாத்யாயா என்ற வங்காளப் பெயர் முதலில் நிற்கும் கட்டுரையில், அரபுப் பிசினைக் கொண்டு நானோ குழாய்களைத் தண்ணீரில் தனித்தனியாகப் பிரித்து நிறுத்தலாம் என்று காட்டியது. மை அரைத்தவர்களின் வழிதான், பொருள் மட்டும் புதிது. கரண்டிச் சோதனையிலும் இதைக் காட்டலாம்: டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டுவிட்டுக் கரண்டியை இறக்கினால் வெள்ளி மினுமினுப்பு போய்விடும், கரி நனையும். பத்தாம் வகுப்பு சோப்புப் பாடத்துக்கு இதைவிட நல்ல முன்னுரை எனக்குத் தெரியவில்லை.

போர்வையில் ஒரு குறை. கழுவினால் போய்விடும். காற்றாலை இறக்கையில் இழுவிசை வரும்போது போர்வை மட்டும் பிசினோடு போய்விட்டால் பயனில்லை. அங்கே சகப்பிணைப்பு வேண்டும்.

அதற்கு வேதியியலர்கள் முதலில் கையில் எடுத்தது அமிலத்தை. அடர் கந்தக அமிலம் மூன்று பங்கு, நைட்ரிக் அமிலம் ஒரு பங்கு கலந்து, நானோ குழாய்களை அதில் மணிக்கணக்காக வைத்து மீயொலியால் உலுக்குவார்கள். குழாய்ச் சுவரில் கார்பாக்சில், ஹைட்ராக்சில் தொகுதிகள் முளைக்கும். கூடவே குழாய்கள் துண்டு துண்டாக வெட்டுப்படும். கழுவிக் கழுவி அமிலத்தை வெளியேற்ற வேண்டும், அந்தக் கழிவை எங்கே கொட்டுவது என்ற கேள்வியும் வரும். சாயக்கழிவு ஆறுகளைப் பார்த்த தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியைப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

இங்கேதான் பிளாஸ்மா வருகிறது. திடம், திரவம், வாயு என்ற மூன்றுக்குப் பிறகு நான்காவது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறோமே, அந்தப் பிளாஸ்மா. மின்னல், சூரியன் என்று எட்டாத எடுத்துக்காட்டுகளைச் சொல்வதால் மாணவர்களுக்கு அது வானத்துச் சமாசாரமாகவே இருந்துவிடுகிறது. பழைய டியூப் லைட் எரியும்போது அதற்குள் இருப்பது பிளாஸ்மாதான். உள்ளே ஆர்கான் வாயுவும் துளி பாதரச ஆவியும் மிகக் குறைந்த அழுத்தத்தில் இருக்கின்றன. மின்னழுத்தம் கொடுத்தால் எலக்ட்ரான்கள் பிய்ந்து ஓடுகின்றன. அந்த எலக்ட்ரான்களின் வெப்பநிலையைக் கணக்கிட்டால் பதினோராயிரம் கெல்வின் அளவுக்கு வரும். ஆனால் குழாயைக் கையால் தொடலாம். எப்படி? எலக்ட்ரான் மிக இலேசானது. அது கனத்த அணுவை மோதும்போது கொடுக்கும் இயக்க ஆற்றல் மிகக் குறைவு. பிள்ளைகள் கோலிக்குண்டை எறிந்து நின்றுகொண்டிருக்கும் லாரியைத் தள்ளப் பார்ப்பதுபோல. எலக்ட்ரான் கொதிக்கிறது, வாயு குளிர்ந்தே இருக்கிறது. இதைத்தான் குளிர் பிளாஸ்மா என்கிறார்கள். (இப்போது பள்ளிகளில் வந்துவிட்ட எல்இடி குழலில் பிளாஸ்மா கிடையாது, அது திடப்பொருள் ஒளி. பாடம் நடத்த ஒரு பழைய குழலைக் கழற்றாமல் விட்டுவையுங்கள். உடைத்துக் காட்டாதீர்கள், உள்ளே பாதரசம்.)

அருவி பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். அருவி நீர் பாறையில் மோதிச் சிதறும்போது பக்கத்துக் காற்றில் மின்னூட்டம் ஏறுகிறது என்பதை 1892இல் லெனார்ட் என்ற ஜெர்மானியர் அளந்து எழுதினார். ஐந்தருவியின் கீழ் நிற்கும் காற்றில் அயனிகள் உண்டு. ஆனால் அது பிளாஸ்மா ஆகாது. கோடானுகோடி நடுநிலை மூலக்கூறுகளுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக மின்னூட்டம் இருந்தால் போதாது. மின்னூட்டத் துகள்கள் ஒன்றையொன்று உணர்ந்து கூட்டமாக நடந்துகொள்ள வேண்டும். அந்தக் கூட்ட நடத்தையைப் பார்த்துத்தான் லாங்முயர் 1928இல் ‘பிளாஸ்மா’ என்ற பெயரை வைத்தார். நம் சி.வி. இராமன் தன் ஒளிச்சிதறலைக் கண்டதும் அதே 1928தான். இந்த இரண்டும் இன்னும் சற்று நேரத்தில் ஒரே மேசைக்கு வரப்போகின்றன.

ஆய்வகத்தில் செய்வது இதுதான். ஒரு கலத்துக்குள் நானோ குழாய்ப் பொடியை வைத்து, காற்றை உறிஞ்சி, வளிமண்டல அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். கொஞ்சம் ஆக்சிஜன் விடுகிறார்கள். 13.56 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் மின்திறன் கொடுத்தால் உள்ளே வாயு ஒளிர்கிறது. வேகமான எலக்ட்ரான்கள் ஆக்சிஜன் மூலக்கூறை உடைக்கின்றன. அந்தப் பிணைப்பின் ஆற்றல் 5.1 எலக்ட்ரான் வோல்ட். சாதாரணமாக அதை வெப்பத்தால் உடைக்க ஆயிரக்கணக்கான டிகிரி வேண்டும், அந்தச் சூட்டில் கார்பன் எரிந்தே போய்விடும். இங்கே பொடி கிட்டத்தட்ட அறை வெப்பநிலையில் இருக்க, தனி ஆக்சிஜன் அணுக்கள் பிறந்துவிடுகின்றன. துணை இழந்த அந்த அணு கார்பன் சுவரில் முட்டி, ஒரு பிணைப்பைப் பிடித்துக்கொள்கிறது. சில நொடிகளிலிருந்து சில நிமிடங்களுக்குள் வேலை முடிந்துவிடும்.

வாயுவை மாற்றினால் விளைவும் மாறும். ஆக்சிஜன் விட்டால் ஹைட்ராக்சில், கார்பாக்சில் தொகுதிகள் வரும், குழாய் தண்ணீரை விரும்பத் தொடங்கும். அம்மோனியா விட்டால் அமினோ தொகுதி வரும். எபாக்சிப் பிசின் அமினோ தொகுதியோடு நேரடியாக வினைபுரியக்கூடியது, அதனால் இறக்கை செய்கிறவர்களுக்கு இது பிடிக்கும். ஃபுளூரின் உள்ள வாயுவை விட்டால் நேர் எதிர், சேம்பு இலையைவிட மோசமாகத் தண்ணீரை விரட்டும். ஒரே கரி, ஒரே கலம். ஆர்கான் மந்த வாயு, அது தானாக எதையும் ஒட்டாது. ஆனால் மோதி மோதிச் சுவரில் காயம் உண்டாக்கும். வெளியே எடுத்துக் காற்றில் வைத்ததும் அந்தக் காயங்களில் ஆக்சிஜன் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கழிவு நீர் இல்லை, கழுவும் வேலை இல்லை. குறை இல்லாமலும் இல்லை. பொடியைக் குவியலாக வைத்தால் மேல்பரப்பு மட்டும் பக்குவமாகும், அடியில் இருப்பது பச்சையாகவே இருக்கும். வற்றல் காயப்போடுகிறவர்கள் அவ்வப்போது புரட்டிவிடுவதுபோல, கலத்தைச் சுழற்றியோ பொடியைக் கிளறியோதான் செய்ய வேண்டும். கிலோக் கணக்கில் செய்ய நினைக்கும்போது இதுதான் பெரிய தலைவலி.

இதெல்லாம் எங்கோ இருக்கும் ஆய்வகச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். இன்று காலை நீங்கள் கத்தரித்த பால் பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாலித்தீன் கரியைப் போலவே எதனோடும் ஒட்டாத பொருள். அதில் அச்சு மை எப்படி நிற்கிறது? அச்சடிக்கும் முன் பாலித்தீன் படலத்தை உருளைகளுக்கு நடுவே ஓடவிட்டு, சாதாரணக் காற்றிலேயே மின்கசிவு உண்டாக்கி, அந்த ஊதா ஒளிக்குக் கீழே கடத்துகிறார்கள். கொரோனா முறை என்று பெயர். நோய்க்கிருமிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அந்தப் பெயர் அச்சுத் தொழிலில் முன்பிருந்தே இருக்கிறது. இதுவும் ஒருவகைப் பிளாஸ்மாதான். பாக்கெட்டை நன்றாகக் கழுவித் துடைத்து, அச்சில்லாத வெளிப்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரும் உள்பக்கத்தில் ஒரு சொட்டும் வையுங்கள். எது கூடுதலாகப் பரவுகிறது என்று மாணவர்கள் அளவுகோலால் அளக்கட்டும். புதிய உறையில் வித்தியாசம் கூடுதலாக இருக்கும். நாள்பட்டால் பக்குவம் மங்கிவிடும், அதையும் ஒரு கேள்வியாக வைத்துக்கொள்ளலாம்.

துணியிலும் உண்டு. சங்கரன்கோவில், புளியங்குடி பக்கம் விசைத்தறி இருக்கும் வீட்டுப் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். தறியிலிருந்து இறங்கிய காடாத் துணியில் ஒரு துண்டு கொண்டுவரச் சொல்லுங்கள். அதில் தண்ணீர்த் துளி உடனே ஊறாது, பருத்தியின் மெழுகும் பாவுக்குப் போட்ட கஞ்சியும் தடுக்கும். காரத்தில் வேகவைத்து வெளுத்த துணியில் துளி வைத்ததும் காணாமல் போகும். அந்தக் காரமும் கொதிநீரும் இல்லாமல் பிளாஸ்மாவில் காட்டியே ஊறும் தன்மையைக் கொண்டுவரலாம் என்பது நெசவு ஆராய்ச்சியில் நன்றாகத் தெரிந்த விஷயம். காந்திநகரில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் அங்கோரா முயல் உரோமத்துக்கு இதைச் செய்து காட்டியது. அந்த உரோமம் வழவழவென்று நழுவும், நூற்க வராது. காற்றுப் பிளாஸ்மாவில் காட்டினால் இழைக்கு இழை உராய்வு கூடி நூல் பிடிக்கிறது.

இனி, இதில் எனக்கு முக்கியமாகப் படுகிற இடத்துக்கு வருகிறேன். ஒட்டுவதற்கு ஒரு விலை உண்டு.

கிராஃபீன் வலையில் ஒவ்வொரு கார்பனும் மூன்று பக்கம் கை கோத்திருக்கிறது. நான்காவது எலக்ட்ரான் பொதுச் சொத்து போல வலை முழுக்க உலவுகிறது. மின்சாரம் கடத்துவது அதனால்தான். ஓர் ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொள்ளும்போது அந்தக் கார்பன் தன் நான்காவது கையை அதற்குக் கொடுத்துவிடுகிறது. பொதுச் சொத்தில் ஒரு பங்கு குறைகிறது. தட்டையாக இருந்த இடம் மேடாகிறது. கார்பாக்சில் தொகுதி உட்கார வேண்டுமென்றால் வலையில் ஏதாவது ஓர் உடைப்போ ஓரமோ இருக்க வேண்டும். அதாவது, எந்த வலிமைக்காகவும் மின்கடத்தலுக்காகவும் நானோ குழாயை நாடினோமோ, அதை ஒட்டவைக்கும் முயற்சியிலேயே கொஞ்சம் இழக்கிறோம். இன்னும் நேரம் கூட்டினால் கார்பன், கார்பன் மோனாக்சைடாகவும் டைஆக்சைடாகவும் பறந்துவிடும். குழாய் மெல்ல எரிந்துபோகும், அவ்வளவுதான்.

ஒற்றைச் சுவர்க் குழாய்க்கு எல்லா அணுவும் தோலில்தான் என்று சொன்னேனே, அதன் பொருள் இப்போது புரியும். அதற்குத் தோலில் காயம் என்றால் உடம்பு முழுக்கக் காயம். பல சுவர்க் குழாய்க்கு அப்படியில்லை. வெளிச்சுவர் அடிபட்டாலும் உள்சுவர்கள் மின்சாரத்தைக் கடத்திக்கொண்டிருக்கும். ஒட்டும் வேலை வெளியே, கடத்தும் வேலை உள்ளே. பிளாஸ்மாப் பக்குவம் பல சுவர்க் குழாய்களுக்கு நன்றாகப் பொருந்துவது இதனால்தான்.

எவ்வளவு காயம் என்று எப்படி அளப்பது? இங்கேதான் இராமன் வருகிறார். பொடியின்மேல் லேசர் ஒளியை விழச்செய்து சிதறி வரும் ஒளியைப் பிரித்தால் இரண்டு முகடுகள் தெரியும். ஒரு சென்டிமீட்டருக்கு இத்தனை அலைகள் என்ற கணக்கில் 1,580 அருகே ஒன்று. அது ஒழுங்கான அறுகோண வலையின் குரல், ஜி பட்டை என்பார்கள். 1,350 அருகே இன்னொன்று, டி பட்டை, குலைந்த இடங்களின் குரல். இரண்டின் உயரத்தை வகுத்துப் பார்த்தால் பக்குவம் எவ்வளவு, சேதம் எவ்வளவு என்பது தெரியும். பிளாஸ்மாவில் பத்து நொடி வைத்த பொடி, ஒரு நிமிடம் வைத்த பொடி, பத்து நிமிடம் வைத்த பொடி என்று எடுத்து, ஒரு பக்கம் தண்ணீரில் எத்தனை நாள் கலங்கி நிற்கிறது, மறுபக்கம் இந்த விகிதம் எவ்வளவு ஏறியது என்று பார்த்துத்தான் நேரத்தை முடிவு செய்கிறார்கள். கணித ஆசிரியர்கள் இங்கே இருந்தால் கவனியுங்கள்: ஒன்று ஏற ஒன்று இறங்கும் இரு வளைகோடுகளுக்கு நடுவில் நல்ல இடம் தேடும் கணக்கு இது.

இனி கீழடி. எப்படியும் நீங்கள் கேட்பீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். 2020ஆம் ஆண்டு நவம்பரில் வேலூர் விஐடி ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. கீழடி அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளின் உட்புறக் கருப்புப் பூச்சை ஆராய்ந்ததில் ஒற்றைச் சுவர், பல சுவர் நானோ குழாய்களும் கார்பன் அடுக்குகளும் இருப்பதாக அது சொல்கிறது. அங்கேயும் முதல் சோதனை இராமன் நிறமாலைதான். ஒற்றைச் சுவர்க் குழாய்களின் சராசரி விட்டம் 0.6 நானோமீட்டர் என்று அளந்திருக்கிறார்கள். காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு. அதற்கு முன் 2006இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்கள், தென்னிந்திய உருக்கில் செய்த பழைய டமாஸ்கஸ் வாள் ஒன்றில் நானோ குழாய் இருப்பதாக அறிவித்திருந்தார்கள்.

இதை வகுப்பில் எப்படிச் சொல்வது? “நம் முன்னோர்கள் அன்றே நானோ தொழில்நுட்பம் அறிந்திருந்தார்கள்” என்று சொன்னால் கைதட்டல் கிடைக்கும். கட்டுரை அப்படிச் சொல்ல இடம் தரவில்லை. பூச்சில் நானோ குழாய் இருக்கிறது என்கிறது. பூச்சு இவ்வளவு காலம் நிலைத்ததற்கு இது காரணமாக இருக்கலாம் என்கிறது. தாவரச் சாறு பூசிச் சூளையில் சுட்டபோது அவை உருவாகியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. குயவருக்கு நானோமீட்டர் தெரியாது. எந்தச் சாறு பூசினால், எவ்வளவு நேரம் சுட்டால், எவ்வளவு காற்று விட்டால் பூச்சு உரியாது என்பது தெரிந்திருந்தது. அந்தக் கைப்பழக்கம் அறியாமையும் இல்லை, ஆய்வகமும் இல்லை. அதற்கு உரிய மரியாதையை அதற்கே கொடுத்தால் போதும். பெருமை பேசுவதைவிட இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: தண்ணீரோடும் மண்ணோடும் ஒட்டாத கரி, களிமண் பானையில் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் எப்படி ஒட்டியிருந்தது? கரண்டியைத் தண்ணீரில் முக்கிப் பார்த்த பிள்ளைக்குத்தான் இந்தக் கேள்வியின் கனம் தெரியும். பதில் தேட அதுவே புறப்படும்.

செய்முறை பற்றி ஒன்றிரண்டு சொல்லி முடித்துக்கொள்கிறேன். நானோ குழாய்ப் பொடி விலைக்குக் கிடைக்கிறது என்று பள்ளிக்கு வாங்கிவிடாதீர்கள். நீளமும் விறைப்பும் உள்ள சிலவகைக் குழாய்கள் நுரையீரலில் கல்நார் போல நடந்துகொள்கின்றன என்று விலங்குகளில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பல சுவர் வகைகளில் ஒன்றை, உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்ற பட்டியலில் சேர்த்திருக்கிறது. பிளாஸ்மாக் கருவியும் நமக்கு வேண்டாம், உயர் மின்னழுத்தம்.

கரண்டி, விளக்கு, கண்ணாடி டம்ளர், பால் பாக்கெட், ஒரு துண்டு காடாத் துணி, ஒரு சொட்டு மருந்துக் குப்பி போதும். ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுக் கரி பிடியுங்கள். விளக்கை ஏற்றுவதும் கரண்டியைச் சுடரில் காட்டுவதும் உங்கள் கையில் இருக்கட்டும். தண்ணீரில் முக்குவது பிள்ளைகள் கையில். கரண்டி காம்பு வரை சூடேறும், துணி சுற்றிப் பிடியுங்கள், ஆறியதைத் தொட்டுப் பார்த்த பிறகே கைமாற்றுங்கள். சூடான கரண்டியை முக்கினால் வெள்ளி மினுமினுப்பு வராமல் கரி உதிர்ந்துவிடும், பிறகு ஒரு வகுப்பே வீண். முன்னாலேயே நான்கைந்து கரண்டிக்குக் கரி பிடித்து வைத்துக்கொள்வது உத்தமம்.